இஸ்லாஹ் என்னும் அருஞ்சொல்

ஜும்ஆ மேடைகளில் அடிக்கடி ஒலிக்கும் அரபுச் சொற்களுள் 'இஸ்லாஹ்' என்பதும் ஒன்று. 'சீர்திருத்தம்' என்று அதனைத் தமிழாக்கிக் கொள்கிறோம். அவ்வாறு தமிழாக்கியவுடன் நம் மனக்கண்முன் வந்து நிற்பவை எவை? மாநாடு, தீர்மானம், துண்டறிக்கை! பிறரைத் திருத்தப் புறப்பட்ட ஒருவரின் உருவமே அச்சொல்லைக் கேட்டதும் நமக்குத் தோன்றுகிறது.

ஆனால், திருமறையில் இச்சொல் பயின்று வரும் இடங்களைப் பொறுமையுடன் எடுத்து நோக்குவோர் வேறொரு காட்சியைக் காண்பர். பல இடங்களில் அங்கே நிற்பவர் பிறரைத் திருத்த வந்தவர் அல்லர். தாம் கெடுத்ததைத் தாமே செப்பம் செய்ய வந்தவர். வேறு சில இடங்களில், பகைத்து நிற்கும் இருவரிடையே நீதியுடன் நின்று இணக்கம் காண முயல்பவர். இன்னும் சில இடங்களில், இறைவன் செம்மையாக்கித் தந்த பூமியைக் கெடாமற் காக்கக் கடமைப்பட்டவர். இழைத்த தீங்கை நேர்செய்தல் என்பதே இம்மூன்றிற்கும் அடிநாதமாகும்.

சொல்லும் அதன் சுற்றமும்

ஸாத், லாம், ஹா என்னும் மூன்றெழுத்து வேரிலிருந்து பிறந்தது இச்சொல். பழுதின்றி இருத்தல், பயனுக்குத் தக்கதாக இருத்தல் என்பது அவ்வேரின் பொருள். நல்லோரை 'ஸாலிஹ்' என்கிறோம். நற்செயல்களை 'ஸாலிஹான அமல்கள்' என்கிறோம். உடன்படிக்கைக்கு 'ஸுல்ஹ்' என்று பெயர், ஹிஜ்ரி 6-இல் (கி.பி. 628) ஹுதைபிய்யாவில் ஏற்பட்ட உடன்படிக்கையை அப்பெயராலேயே வரலாறு குறிக்கிறது. மக்களின் பொதுநலன் 'மஸ்லஹத்' எனப்படும். இஸ்லாஹ் செய்பவர் 'முஸ்லிஹ்' ஆவார். இவை யாவும் ஒரு தாய் மக்கள்.

இதன் எதிர்ச்சொல் 'ஃபஸாத்' என்பதாகும். கெட்டுப்போதல், சீர்குலைதல் என்பது அதன் பொருள். உருது மொழியில் கலவரத்திற்கே 'ஃபஸாத்' என்று பெயர். ஊர் கெட்டுப் போவதுதானே கலவரம்!

உருதுக் கவிஞர்களிடையே மற்றொரு வழக்கும் உண்டு. மாணவன் எழுதிய கவிதையை ஆசான் திருத்திக் கொடுப்பதற்கும் இஸ்லாஹ் என்றே பெயர். ஆசான் அக்கவிதையைக் கிழித்தெறிவதில்லை. தம் கவிதையை அவ்விடத்தில் எழுதி வைப்பதுமில்லை. பழுதான சொல்லை நீக்கிப் பொருந்திய சொல்லை வைக்கிறார். கவிதை மாணவனுடையதாகவே இருக்கிறது. குற்றம் மட்டும் நீங்குகிறது.

தமிழில் இதற்கு இணையான சொல்லைத் தேடினால், 'திருத்துதல்' என்பதே மிகவும் நெருங்கி நிற்கிறது. கொங்கு நாட்டு உழவர் தம் மானாவாரி நிலத்தைக் 'காடு' என்றே வழங்குவர். கல்லைப் பொறுக்கி, முள்ளை வெட்டி, மேடு பள்ளத்தைச் சமன் செய்து, வரப்பெடுத்து விதைப்புக்கு ஆயத்தம் செய்வதைக் காடு திருத்துதல் என்பது நம் மரபு. வாயினால் சொல்லி எவரும் காடு திருத்தியதில்லை. கை காய்த்துப் போக உழைத்தே திருத்தியுள்ளனர். இஸ்லாஹ் என்பதும் அத்தகையதே. அது சொல்லன்று, செயல்!

தவ்பாவின் மறுபாதி

பாவமன்னிப்புத் தேடுதலைத் 'தவ்பா' என்கிறோம். கண்ணீர் மல்கக் கையேந்துவதே தவ்பா என்று பலர் கருதுகின்றனர். கண்ணீர் சிறந்ததே, அதில் ஐயமில்லை. எனினும் திருக்குர்ஆன் பல இடங்களில் தவ்பாவைத் தனித்து நிறுத்தாமல், அதன் தோளோடு தோளாக இஸ்லாஹையும் நிறுத்தியிருப்பதை நாம் கவனிக்க வேண்டும்.

களவினைப் பற்றிப் பேசும் இடத்தில், அநீதி இழைத்தபின் மனம் வருந்தி மீண்டு, சீர்படுத்திக் கொள்பவரையே இறைவன் ஏற்பதாகக் கூறப்படுகிறது (5:39). கற்புடைய பெண்டிர் மீது அவதூறு கூறியோரைப் பற்றிய இடத்திலும் இவ்விரண்டும் இணைந்தே வருகின்றன (24:5). இறைவன் அருளிய உண்மையை மறைத்தோரைப் பற்றிய வசனமோ இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. தவ்பாவும் இஸ்லாஹும் மட்டும் அங்கே போதா. மறைத்ததை வெளிப்படுத்தவும் வேண்டும் என்று அது விதிக்கிறது (2:160).

இதில் ஓர் அரிய நியதி அடங்கியுள்ளது. எவ்வழியில் கேடு செய்யப்பட்டதோ, அவ்வழியிலேயே திருத்தமும் செல்ல வேண்டும் என்பதே அந்நியதி. உண்மையை மறைத்தவன் அதனை வெளியிட வேண்டும். பொருளைப் பறித்தவன் பொருளைத் திருப்பித் தரவேண்டும். கடைவீதியில் ஒருவரின் மானத்தைப் போக்கியவன், இரவில் தனியறையில் அழுது தீர்த்தால் போதுமா? அதே கடைவீதியில் அவருடைய மானத்தை மீட்டுத் தரவேண்டாமா?

இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தமது 'ரியாளுஸ் ஸாலிஹீன்' நூலில் தவ்பாவின் நிபந்தனைகளை வகுத்துரைக்கின்றார்கள். பாவத்தை விட்டு விலகுதல், அதற்காக வருந்துதல், மீண்டும் அதன்பால் செல்வதில்லை என உறுதி பூணுதல் ஆகிய மூன்றும் பொதுவானவை. பாவம் மற்றொரு மனிதரின் உரிமையைத் தொட்டிருக்குமாயின், அவ்வுரிமையை அவரிடம் ஒப்படைத்தல் நான்காவது நிபந்தனையாகும். முன்னைய மூன்றும் அடியானுக்கும் இறைவனுக்கும் இடைப்பட்டவை. நான்காவது நிபந்தனையோ அவனை எழுப்பி, அநீதி இழைக்கப்பட்டவரின் வாயிற்படிக்கு அனுப்புகிறது.

ஒருவருக்கு அநீதி இழைத்தவர், தினாரும் திர்ஹமும் பயன்படாத அந்நாள் வருமுன், இன்றே அதனைத் தீர்த்துக் கொள்ளட்டும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. தொழுகையும் நோன்பும் ஜகாத்தும் சுமந்து வந்தும், பிறரை ஏசியதாலும் பொருளைத் தின்றதாலும் அத்தனையையும் இழந்து நிற்பவனே மெய்யான ஓட்டாண்டி என அவர்கள் விளக்கிய செய்தி முஸ்லிமில் காணப்படுகிறது.

நம்மவரிடையே நல்லதொரு வழக்கம் நிலவுகிறது. ஹஜ்ஜுக்குப் புறப்படுவோர் உற்றார் உறவினரிடமும் அண்டை அயலாரிடமும் சென்று, ஏதேனும் குறை இருப்பின் பொறுத்துக் கொள்ளுமாறு வேண்டுகின்றனர். ஜனாஸா தொழுகையின்போது, இறந்தவர் எவருக்கேனும் கடன்பட்டிருப்பின் தம்மிடம் கேட்டுப் பெறுமாறு வாரிசுகள் அறிவிக்கின்றனர். இவை போற்றத்தக்கவை. ஆயினும், 'ஏதேனும் குறை' என்னும் பொதுச்சொல்லுக்குள், தெரிந்தே நிறுத்தி வைத்த கூலியும், சகோதரிக்குச் சேரவேண்டிய பாகமும், நகர்த்தி நடப்பட்ட எல்லைக்கல்லும் மறைந்து கொள்ளலாமா? பெயர் சொல்லப்படாத குறையை எவர் பொறுப்பது? கூலியைக் கையில் கொடுத்துவிட்டுத் தாமதத்திற்காகப் பொறுக்கக் கேட்பது இஸ்லாஹ். கூலியைக் கொடாமலே பொறுக்கக் கேட்பது மற்றுமொரு சுமையை அவ்வேழையின் தலையில் ஏற்றுவதாகும்.

மத்யனும் நொய்யலும்

கொங்கு நாடு உழைப்பாலும் வாணிபத்தாலும் உயர்ந்த நாடு. பஞ்சும் நூலும், மஞ்சளும் வெல்லமும், பின்னலாடையும் விசைத்தறித் துணியும் இந்நாட்டின் பெயரை எங்கும் பரப்பின. ஆகவே வணிகர்களிடையே அனுப்பப்பட்ட ஒரு நபியின் வரலாறு இங்குள்ளோர்க்கு மிகவும் பொருந்தும்.

மத்யன் நகரத்தார்க்கு அனுப்பப்பட்டவர்கள் ஷுஐபு (அலை) அவர்கள். அளவையிலும் நிறுவையிலும் குறைவு செய்வது அம்மக்களின் வழக்கமாயிருந்தது. அளவைகளை நிறைவாகத் தருமாறும், மக்களின் பொருள்களைக் குறைத்துத் தராதிருக்குமாறும், சீர்பெற்ற பின் பூமியில் கேடு விளைவிக்காதிருக்குமாறும் அந்நபி அவர்களுக்குப் போதித்தார்கள் (7:85). தம்மால் இயன்ற அளவு இஸ்லாஹ் செய்வதைத் தவிர வேறெதையும் தாம் நாடவில்லை என்றும் எடுத்துரைத்தார்கள் (11:88). எதனைத் தடுக்கின்றார்களோ அதனையே தாம் செய்து முரண்படத் தாம் விரும்பவில்லை என்பதையும் அதே வசனத்தில் தெரிவிக்கின்றார்கள். தராசை நேராக்குவதும் பூமியைக் கெடாமற் காப்பதும் ஒரே போதனையின் இரு கூறுகளாக அங்கே அமைந்திருப்பதைக் கவனியுங்கள்.

இதற்கு விளக்கம் தேடி நாம் மத்யன் வரை செல்லத் தேவையில்லை. நொய்யற்கரையில் நின்றாலே போதும். வெள்ளியங்கிரி மலைத்தொடரில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து காவிரியில் கலக்கும் ஆறு நொய்யல். அதன் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் 1992-இல் பாசனத்திற்காக அணை ஒன்று கட்டி முடிக்கப்பட்டது. திருப்பூரின் பின்னலாடைத் தொழில் வளர வளர, சாயப்பட்டறைக் கழிவு ஆற்றில் பெருகியது. பாசன நீருக்காகக் கட்டிய அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. அணையைத் திறந்துவிட வேண்டுமென மன்றாடுவது உழவரின் இயல்பு. இங்கோ, திறந்துவிட வேண்டாம் என்று உழவர்களே மன்றாடும் நிலை வந்தது! கிணறுகள் கெட்டன, வயல்கள் உப்பேறின.

உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் தொடுத்த வழக்கில், கழிவுநீர் ஒரு துளியும் வெளியேறாத முறையைச் சாயப்பட்டறைகள் மேற்கொள்ள வேண்டுமெனச் சென்னை உயர்நீதிமன்றம் 2006 டிசம்பரில் ஆணையிட்டது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கோட்பாட்டை 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. ஆணை முறையாக நிறைவேற்றப்படாத நிலையில், 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளை மூடுமாறு உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. உழவர் குடும்பங்கள் முன்னரே அடைந்த துயரோடு, கேட்டில் பங்கில்லாத தொழிலாளர் குடும்பங்களின் துயரும் அப்போது சேர்ந்தது.

மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்பது சட்டத்தின் மொழி. கெடுத்தவரே திருத்த வேண்டும் என்பது இஸ்லாஹின் மொழி. இரண்டும் ஒன்றே. காலத்தே செய்யாத திருத்தம் வட்டியும் முதலுமாக வளர்ந்து, குற்றமற்றோர் தலையிலும் விழுகிறது என்பதே நொய்யல் நமக்குப் புகட்டும் பாடம். உப்பேறிய மண் ஓராண்டில் இனிப்பதில்லை. கெட்டுப்போன உறவும் அப்படித்தான்.

இருவரிடையே இணக்கம்

மண்ணைப் பற்றிய பேச்சு நம்மை மனிதரிடம் கொண்டு வந்து சேர்க்கிறது. இஸ்லாஹ் என்னும் சொல் மிகவும் கனிந்து நிற்கும் இடம் இதுவே. கணவன் மனைவியரிடையே பிளவு அஞ்சப்படின், இரு தரப்பிலிருந்தும் நடுவர் ஒவ்வொருவரை அமைக்குமாறு திருமறை பணிக்கிறது (4:35). மக்களின் இரகசிய ஆலோசனைகள் பலவற்றில் நன்மையில்லை. தருமம், நற்செயல், மக்களிடையே இணக்கம் ஆகியவற்றை ஏவுவோரின் பேச்சு மட்டுமே விதிவிலக்கு என்றும் அது கூறுகிறது (4:114). உபரியான நோன்பையும் தொழுகையையும் தருமத்தையும்விடப் பகைத்தோரிடையே இணக்கம் உண்டாக்குவது உயர்ந்த நிலை என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியதாக அபூதாவூத் பதிவு செய்துள்ளார்.

அவ்விணக்கத்தை அண்ணலார் எவ்வாறு உண்டாக்கினார்கள்? கஅபு இப்னு மாலிக் (ரலி) அவர்களுக்கு இப்னு அபீ ஹத்ரத் (ரலி) அவர்கள் கடன்பட்டிருந்தார்கள். பள்ளிவாசலில் இருவர் குரலும் உயர்ந்தது. இல்லத்திலிருந்த அண்ணலார் திரையை விலக்கி வெளிவந்து, கடனில் பாதியை விட்டுக்கொடுக்குமாறு கஅபுக்குச் சைகை காட்டினார்கள். கஅபு இசைந்தார். அத்துடன் முடிந்ததா? இல்லை. உடனே கடன்பட்டவரை நோக்கி, எழுந்து மீதியைக் கொடுத்துவிடுமாறு பணித்தார்கள். கொடுத்தவருக்கு விட்டுக்கொடுத்தல், வாங்கியவருக்கு உடன் தீர்த்தல். இரு தட்டிலும் எடை வைத்த பின்னரே தராசு நேராயிற்று.

இன்று நம் பஞ்சாயத்துகள் பலவற்றில் நடப்பது என்ன? எளியவரிடம் மட்டும் பொறுமையைக் கேட்கிறோம். ஊர் மானம், குடும்ப மானம் என்று சொல்லி அவர் வாயை அடைக்கிறோம். பிறகு, சமாதானம் ஆயிற்று என்று தேநீர் அருந்திப் பிரிகிறோம். இது இஸ்லாஹ் அன்று. புண்ணின் மேல் போர்த்திய பட்டு! போரிட்ட இரு கூட்டத்தாரைப் பற்றிய வசனம், நீதியுடன் இணக்கம் செய்யுமாறு வலியுறுத்துவதை (49:9) நாம் மறக்கலாகாது.

கோவை கண்ட துயரம்

இவ்வளவும் கூறிவிட்டுக் கோவை மாநகரின் துயரத்தைக் கூறாமல் விடுவது நேர்மையாகாது. 1997 நவம்பர் 29 அன்று போக்குவரத்துக் காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். தொடர்ந்த வன்முறையிலும் துப்பாக்கிச் சூட்டிலும் முஸ்லிம்கள் 18 பேர் உயிரிழந்தனர்; கடைகள் சூறையாடப்பட்டன, தீக்கிரையாயின. 1998 பிப்ரவரி 14 அன்று நகரின் பல இடங்களில் குண்டுகள் வெடித்து 58 பேர் மாண்டனர். 200-க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். நீதிபதி கோகுலகிருஷ்ணன் ஆணையம் விசாரித்தது. 2007-இல் தனி நீதிமன்றம் குண்டுவெடிப்பு வழக்கில் தீர்ப்பளித்தது.

நீதிமன்றத்தின் பணி தீர்ப்புடன் முடிகிறது. மக்களின் பணியோ அங்கேதான் தொடங்குகிறது. ஒவ்வொரு தரப்பும் தன் தரப்பில் மாண்டோரையே எண்ணிக் கொண்டிருந்தால் கணக்கு என்றும் தீராது. தன் தரப்பிலிருந்து விளைந்த தீங்கை எண்ணத் தொடங்குபவரே முஸ்லிஹ் ஆவார்.

இதற்கும் முன்மாதிரி உண்டு. மக்கா வெற்றிக்குப்பின், ஹிஜ்ரி 8-இல் (கி.பி. 630), காலித் இப்னு வலீத் (ரலி) அவர்கள் பனூ ஜதீமா குலத்தாரிடம் அனுப்பப்பட்டார்கள். தாங்கள் இஸ்லாத்தை ஏற்றதை அக்குலத்தார் சரிவரச் சொல்லத் தெரியாமல் வேறொரு சொல்லால் சொல்லிவிட, அவர்களுள் பலர் கொல்லப்பட்டனர். செய்தி கேட்ட அண்ணலார் இரு கைகளையும் உயர்த்தி, காலித் செய்ததற்குத் தாம் பொறுப்பல்லர் என்று இறைவனிடம் இருமுறை முறையிட்டார்கள். புகாரி தரும் செய்தி இது.

அத்துடன் அவர்கள் அமைந்துவிடவில்லை. பொருளைக் கொடுத்து அலீ (ரலி) அவர்களை அக்குலத்தாரிடம் அனுப்பினார்கள். கொல்லப்பட்டோர்க்கு உயிரீடு வழங்கப்பட்டது. இழந்த பொருளுக்கெல்லாம் ஈடு வழங்கப்பட்டது. நாய் நீர் அருந்தும் மரக்கலத்திற்கும் கூட விலை தரப்பட்டது என்று இப்னு ஹிஷாமின் வரலாற்று நூல் கூறுகிறது. எஞ்சிய பொருளையும், எவருக்கும் தெரியாமல் விடுபட்ட இழப்பு ஏதேனும் இருக்குமாயின் அதற்கு ஈடாகட்டும் என்று அவர்களிடமே அலீ (ரலி) கொடுத்துவிட்டார்கள். தம் தரப்பில் நேர்ந்த பிழையை மறுக்காமல், மறைக்காமல், குறைக்காமல் ஈடு செய்த செம்மை இது!

ஒருவர் சுமையை மற்றொருவர் சுமப்பதில்லை என்பது திருமறையின் உறுதியான விதி (6:164). ஆகவே சிலர் செய்த குற்றத்திற்காகச் சமுதாயம் முழுவதையும் குற்றவாளியாக்குவது அநீதி. அந்நீதியை முஸ்லிம்களுக்குக் கேட்பவர்கள், அதனை மற்றவர்களுக்கும் வழங்கியாக வேண்டும். எனினும், குற்றத்தில் பங்கில்லாதவருக்கும் திருத்தத்தில் பங்குண்டு. குற்றம் செய்தவரோடு முடியும். திருத்தமோ நல்லோர் அனைவரையும் அழைக்கும்.

2022 அக்டோபர் 23 அன்று, தீபாவளிக்கு முதல்நாள் விடியற்காலையில், கோட்டைமேட்டுப் பகுதியில் உள்ள கோட்டை ஈஸ்வரன் கோயிலின் முன் கார் ஒன்று வெடித்து, அதில் வந்தவர் மாண்டார். நகரம் மீண்டும் 1998-ஐ எண்ணி நடுங்கியது. அடுத்துவந்த நாள்களில் கோவையின் ஜமாஅத் நிர்வாகிகள் அக்கோயிலுக்கே நேரில் சென்று, கோயில் தரப்பினரைச் சந்தித்துத் தம் ஒற்றுமையை உணர்த்தினர். தெருவில் சில அடிகளே கொண்ட பயணம் அது. ஆயினும், அநீதிக்கு அஞ்சி நின்றவரின் வாயிற்படிக்குத் தாமே நடந்து செல்லும் அச்செயலன்றோ இஸ்லாஹின் முதற்படி? அப்படியில் இரு திசையிலிருந்தும் கால்கள் ஏறி இறங்க வேண்டும்.

சீர்திருத்தம் பேசும் நமக்கு இறுதியாக இரு வசனங்கள் போதும். பூமியில் குழப்பம் செய்யாதீர் என்று சொல்லப்பட்டபோது, தாங்களே முஸ்லிஹ்கள் என்று மார்தட்டிய நயவஞ்சகரை ஒரு வசனம் காட்டுகிறது (2:11). ஊரார் முஸ்லிஹ்களாக இருக்கும்போது அவ்வூரை இறைவன் அநியாயமாக அழிப்பதில்லை என்று மற்றொன்று ஆறுதல் அளிக்கிறது (11:117). 'ஸாலிஹ்' என்று சொல்லாமல் 'முஸ்லிஹ்' என்று அங்கே கூறப்பட்டிருப்பது சிந்தனைக்குரியது. தான் மட்டும் நல்லவராயிருப்போரால் அன்று; கெட்டதைத் திருத்தும் நல்லோராலேயே ஊர் நிலைக்கிறது.

இன்று ஜும்ஆ முடிந்து பள்ளிவாசற்படி இறங்கும்போது, நாம் நடந்து செல்லவேண்டிய வாயிற்படி எது என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்ப்போம். வாய்ச்சொல்லால் அன்றிச் செயலால் திருத்தும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.